இருபத்தைந்து மணி நேர நாள்

எங்கள் மாப்பிள்ளை தும்மினால் ஏழு விமானக் கம்பெனிகளுக்கு ஜலதோஷம் பிடித்த காலம் ஒன்று உண்டு. இதைச் சொன்னால் மாடி வீட்டுத் தையற்காரம்மா நம்ப மாட்டார். "உங்க மாப்பிள்ளை பூட்டுக் கம்பெனியில வெப்சைட் பாக்குறவருதானே? அவருக்கும் விமானத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்பார். சம்பந்தம் இருந்தது. ஏழு என்பதை வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கணினியில் டிக்கெட் எடுக்கிறோம், டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கிறோம். தேதி என்று போட்ட இடத்தைத் தொட்டதும் ஒரு குட்டி நாட்காட்டி விரிகிறதே, ஞாயிறு திங்கள் என்று தலைப்பும் அதற்குக் கீழே கட்டம் கட்டமாக எண்களும், அந்த மாதிரிப் பெட்டிகளில் ஒன்றை எழுதியவர் அவர். பூட்டுக் கம்பெனியில் ரிப்பேர்க்காரர் எந்த நாளில் வரவேண்டும் என்று கேட்பதற்காக எழுதியது. நன்றாக வந்துவிட்டதே என்று, கம்பெனியில் கேட்டுக்கொண்டு, உலகத்துக்கு எடுத்து வைத்துவிட்டார். விமானக் கம்பெனிகள்கூட எடுத்து மாட்டிக்கொண்டன.

அதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர். வீட்டைக் கட்டி, கதவைத் திறந்து போட்டு, 'யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம், வாடகை கிடையாது, குழாய் ஒழுகினால் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே சரிசெய்து காட்டுங்கள்' என்று பலகை மாட்டுவது. ஆனால் சாவி ஒருவரிடம் இருக்கும். வெளியாள் செய்து காட்டிய ரிப்பேரைப் பார்த்து, 'சரி, இருக்கட்டும்' என்று ஒரு பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ளும் உரிமை சாவிக்காரருக்கு மட்டும்தான்.

சாவிக்காரரின் அரண்மனை எங்கள் பால்கனி. கண்ணாடி போட்டு அடைத்தது. ஒரு பக்கம் துணி துவைக்கும் மெஷின், மறுபக்கம் துணி காயும் கம்பி, நடுவில் மடக்கு மேசை. மெஷின் கடைசிச் சுற்றுச் சுற்றும்போது மேசை கிடுகிடுவென்று ஆடும். அவர் கணினியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் மூன்று கண்டங்களிலும் தேதிகள் குலுங்குவதாக நான் விருந்தினர்களிடம் அளந்துவிடுவேன். ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவியதும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ புகார்கள் வந்து கிடக்கும். 'மாதத்தை மாற்றினால் பெட்டி மூடிக்கொள்கிறது.' 'சின்ன போனில் சனிக்கிழமை வெளியே தொங்குகிறது.' முகம் தெரியாத ஆட்கள் அதட்டுவார்கள், சிலர் கெஞ்சுவார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மரியாதையாகப் பதில் எழுதுவார். ஒரு பைசா வாங்கியதில்லை.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் என் மகள், நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வந்து, அவரையும் ஒரு குத்துக் குத்துவாள். "வீட்டுல ஒரு டேப் ஒழுகுது. அதை யாராவது வெளிநாட்டுக்காரன் புகார் எழுதினாத்தான் பாப்பீங்களா?"

"எழுதச் சொல்லு, முறைப்படி வரட்டும்" என்பார். சிரிக்கத் தெரிந்த மனிதர்தான். குறை ஒன்றே ஒன்று. வேறு ஒருவர் செய்த வேலையை அப்படியே விட அவருக்குக் கை வராது. அவள் துணி மடித்து அலமாரியில் வைத்தால், பிரித்து மறுபடி மடிப்பார். நான் பாத்திரம் கவிழ்த்தால், சத்தமில்லாமல் வந்து பெரியது கீழே சிறியது மேலே என்று மாற்றி அடுக்குவார். கோபித்துக்கொள்ளவே மாட்டார், ஒரு வார்த்தை குறை சொல்லவும் மாட்டார். அதனால்தான் எங்களுக்கும் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

பெட்டியிலும் அதே கதைதான். யாரோ ஒருவர் நாலு நாள் மெனக்கெட்டு ஒரு திருத்தம் செய்து அனுப்புவார். மாப்பிள்ளை அதைத் திரையில் ஒரு பக்கம் வைத்துக்கொள்வார். மறுபக்கம் வெற்றுத் தாள் மாதிரி ஒன்றைத் திறந்து, அந்தத் திருத்தத்தையே தன் பாணியில் முதல் எழுத்திலிருந்து எழுதுவார். தன்னுடையதைச் சேர்ப்பார். வந்ததைச் சேர்க்காமல் மூடுவார். 'மிக்க நன்றி. இதையே சற்று வேறு மாதிரி எழுதிச் சேர்த்துவிட்டேன்' என்று ஒரு வரி. அந்த உலகத்தில் யார் எழுதிய வரியோ அவர் பெயர் அதனோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, பெட்டி முழுக்க ஒரே பெயர்தான் ஒட்டியிருந்தது.

"எங்கே பிடிக்கலையோ அங்கே அவங்களையே மாத்தச் சொல்லலாம்ல?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"சொல்லிப் புரியவெக்கிற நேரத்துல நானே எழுதிடுவேன்."

"அவங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

"வேலை மிச்சம்தானே? எதுக்கு வருத்தம்?"

அவர் அதை நிஜமாகவே நம்பினார். இன்னொருவருக்குச் சிரமம் கொடுக்காமல் இருப்பது பெரிய மரியாதை என்று நினைத்த மனிதர்.

அப்படி அனுப்புகிறவர்களில் ஒருத்திக்கு எங்கள் வீட்டில் 'குடை' என்று பெயர். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் குடைப் படத்தைப் போட்டிருப்பாள். வேறு ஏதோ நாட்டில், ஒரு கண் ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவள். நோயாளிகள் நாள் குறிக்கிற பக்கத்தில் இவருடைய பெட்டியைத்தான் வைத்திருந்தாள். எழுதுவதெல்லாம் ஆங்கிலம். ஒருநாள் அவசரத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவே 'அய்யோ' என்று எழுதிவிட்டாள். மாப்பிள்ளை நாற்காலியோடு திரும்பி, "அத்தை, குடை நம்ம ஆளு!" என்று கூவினார். பெண் கொடுத்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் 'அண்ணா' என்று தமிழிலேயே எழுதினாள். புத்திசாலி. கண் சரியாகத் தெரியாதவர்கள் மவுஸைத் தொடாமல் கீபோர்டு விசைகளாலேயே தேதியைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி செய்து அனுப்பினாள். மாப்பிள்ளை மெச்சினார், இரண்டு நாள் புகழ்ந்தார், திருப்பி எழுதினார். அடுத்தது அனுப்பினாள். அதையும் திருப்பி எழுதினார். ஒவ்வொரு முறையும் அவள், 'பரவாயில்லை அண்ணா, சேர்ந்தால் போதும்' என்றாள். ஆனால் கேள்விகளும் கேட்டாள். 'இந்த இடத்தை ஏன் இப்படி மாற்றினீர்கள்? தெரிந்தால் அடுத்த முறை அப்படியே எழுதுவேன்.' அதற்கு அவர் சிரித்த முகம் ஒன்றைப் போட்டு, 'பழக்கம்தான்' என்று முடித்துவிடுவார்.

அவள் அனுப்பியதில் ஒன்று மதியம் பற்றியது. கட்டங்களில் நாட்களை வரிசையாக நிரப்பும் வழியை அந்த வருடம்தான் மாப்பிள்ளை புதிதாக எழுதியிருந்தார்: பெட்டி ஒரு நாளின் நள்ளிரவிலிருந்து கிளம்பி, இருபத்து நாலு மணி நேரம் கூட்டி, அடுத்த நாளுக்குப் போகும். குடை அதை மாற்றி, நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து கிளம்பச் செய்திருந்தாள். மாப்பிள்ளை நெற்றியைச் சுருக்கினார். "நாள் ஆரம்பிக்கிறது நடுராத்திரியில. இவ ஏன் மத்தியானத்துல ஆரம்பிக்கிறா? அசிங்கமா இருக்கே." அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் அனுப்பியதில் மற்றதையெல்லாம் தன் கையால் திருப்பி எழுதினார். மதியத்தை மட்டும் எடுத்துவிட்டு நள்ளிரவையே வைத்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள், ஆபீஸ் படிக்கட்டில் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கியவர், கடைசிப் படியை மறந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். முழங்கை வரை மாவுக்கட்டு. எலும்பு டாக்டர் கட்டைத் தட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது" என்றார்.

"இடது கை சும்மாதான் இருக்கு டாக்டர்."

"அதையும் உடைச்சிட்டு வாங்க, சேர்த்துக் கட்டிடலாம்."

கட்டுப் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பால்கனியிலிருந்து "அய்யய்யோ" என்று குரல் வந்தது. டேப்தான் கழன்றுவிட்டது என்று நான் வாளியோடு ஓடினேன்.

திரையில், யாரோ புகாரோடு அனுப்பிய படம்: ஒரு மாதத்தின் நாட்காட்டி. அதில் ஒரே தேதி பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு முறை இருந்தது. அதற்குப் பிறகு எல்லாத் தேதிகளும் ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தன. செவ்வாய்க்கிழமைத் தேதி புதனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

குடை இருக்கும் நாட்டில் குளிர்காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்களாம். அந்த ஒரு நாளுக்கு மட்டும் இருபத்தைந்து மணி நேரம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அரசாங்கமே ஒரு மணி நேரம் கூடத் தூங்கச் சொல்கிறதே! ஆனால் அந்த நாளின் நள்ளிரவிலிருந்து இருபத்து நாலு மணி நேரம் கூட்டினால், அதே நாளின் ராத்திரி பதினோரு மணிதான் வரும். நாள் முடிந்திருக்காது. பெட்டி அதே தேதியை இன்னொரு முறை எழுதிவிடும். மதியத்திலிருந்து கூட்டியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே போனாலும் அடுத்த நாளில்தான் விழும். அசிங்கமான அந்த மதியம் இதற்காகத்தான் இருந்திருக்கிறது.

மாப்பிள்ளைக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

புகார்களுக்கு மேலே குடையின் திருத்தம் வந்து நின்றது. நாலே வரி. பழைய மதியம்தான். கூடவே ஒரு குறிப்பு: 'அண்ணா, இன்றைக்கே சேர்த்துவிட்டால் நல்லது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆட்கள் நாள் மாறி வருகிறார்கள்.'

மகள் தோள்பையோடு நின்றபடியே படித்தாள். "நல்லதாப் போச்சு. அமுக்குங்க அந்தப் பொத்தானை. ஒத்த விரல் போதுமே."

"இரு. அவ அவசரத்துல எழுதியிருக்கா. இதை இந்த இடத்துல வெக்கக் கூடாது. வேற இடத்துல, ஒழுங்கா வெக்கணும்."

"தப்பா இருக்கா?"

"தப்புன்னு இல்லை."

"வேலை செய்யுதா?"

"செய்யும்."

"அப்புறம் என்னங்க?"

"சாயங்காலத்துக்குள்ள நானே எழுதிடுறேன்" என்றார். இடது கையின் ஆள்காட்டி விரலால், கோழி தானியம் பொறுக்குவது மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகக் கொத்த ஆரம்பித்தார்.

சாயங்காலம் முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. வலது கை செய்கிற வேலையை இடது கை பத்து மடங்கு நேரம் எடுத்துச் செய்தது. தப்பும் செய்தது. அழித்துவிட்டு மறுபடி கொத்தினார். மேசையின் ஓரத்தில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. புகார்கள் மளமளவென்று கூடின. குடை ஒருமுறை கேட்டாள்: 'அண்ணா, ஏதாவது மாற்றவேண்டுமா? சொல்லுங்கள், செய்துவிடுகிறேன்.' அவர், 'வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் போட்டார். அதைக் கொத்தி முடிக்கவே எனக்கு ஒரு கூடை வெங்காயம் உரிக்கிற நேரம் பிடித்தது. உரித்ததே நான்தான், அதனால் தெரியும்.

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணோடதைச் சேர்த்து வெச்சிட்டு, கட்டுப் பிரிச்சதும் ஆற அமர மாத்திக்கக் கூடாதா?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"அப்படி உள்ள விட்டா அது அப்படியே நின்னுடும், அத்தை" என்றார். நின்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் அவர் எழுதி முடித்தார். அழகாக இருந்தது என்று அவரே சொன்னார். சேர்த்தார். வழக்கம்போலக் குடையினுடையதை மூடி, 'மிக்க நன்றி. இதையே சற்று வேறு மாதிரி' என்று எழுதப் போனவர் விரலை நிறுத்தினார். அது ஏற்கெனவே மூடியிருந்தது. அவளே மூடியிருந்தாள். ஒரே ஒரு சொல்: 'பரவாயில்லை.'

இந்தப் பக்கம் இவர் கொத்திக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் அவள் ஆஸ்பத்திரி வேலை நிற்கக் கூடாதென்று, மொத்தப் பெட்டியையும் நகலெடுத்து, தன் நாலு வரியை அதில் சேர்த்து, தன் பெயரில் வெளியே வைத்திருந்தாள். நகலெடுக்க யாருக்கும் உரிமை உண்டு. திறந்த வீடு என்றால் அதுவும் உண்டு. அதே தொல்லையில் மாட்டிக்கொண்டிருந்த வேறு சிலர் அதைப் பார்த்துவிட்டு அங்கே போனார்கள். ஒருவர் போனால் ஒன்பது பேர் விசாரிப்பார்கள். அவளிடம் ஒருவர் சின்னத் திருத்தம் கொண்டுவந்தார், அவள் அப்படியே சேர்த்துக்கொண்டாள். இன்னொருவர் வந்தார். அவரிடம், 'இந்த வரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கிச் சேர்த்தாள்.

கட்டுப் பிரித்தபோது மாப்பிள்ளையின் கை வாடிய முருங்கைக்காய் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் தட்டினாலே மணிக்கட்டு வீங்கியது. "ஆபீஸ் வேலைக்குத்தான் இது தாங்கும். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க" என்றார் எலும்பு டாக்டர்.

பெட்டியை வேறு ஒருவர் கையில் கொடுத்தே ஆகவேண்டும். இத்தனை வருடம் வந்துபோனவர்களையெல்லாம் அவர் யோசித்துப் பார்த்தார். முதல் திருத்தத்தோடு காணாமல் போனவர்கள்தான் அதிகம். இரண்டாவது அனுப்பியவர்கள் கொஞ்சம். கடைசிவரை நின்றவள் குடை ஒருத்திதான். அவள் வராவிட்டால் பெட்டிக்கு யாரும் இல்லை. அவளுக்கு எழுதினார்: 'என்னிடம் இருக்கும் சாவியை நீ வாங்கிக்கொள். உன் நகலையும் இதையும் ஒன்றாக்கிவிடலாம். எல்லாம் உன் விருப்பப்படி.'

எழுத்தில் பதில் வரவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். மகள் போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி செய்தாள். வயதான குரலாக இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன். சின்னப் பெண்ணின் குரல்.

"அண்ணா, கை எப்படி இருக்கு?"

"இருக்கும்மா. நீ எப்படி இருக்கே? ஆஸ்பத்திரியில..."

"அன்னிக்கு ஒரு பெரியவர் வந்து நின்னாரு அண்ணா. ஆபரேஷனுக்கு. புதன்கிழமைக் கட்டத்தைத் தொட்டிருக்காரு, எங்க கணக்குல செவ்வாய்னு விழுந்திருக்கு. ஒரு நாள் லேட்டு. பையோட, வெறும் வயித்தோட வந்தவரைத் திருப்பி அனுப்பவேண்டியதாப் போச்சு. அப்புறம் வேற நாள் குடுத்தோம். கண்ணு நல்லா இருக்கு."

மாப்பிள்ளை மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதும்மா. உன் மதியத்தை எடுத்துப் போட்டது நான்தான்."

"தெரியும் அண்ணா. அப்பவே பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். நீங்க மாத்தினா எப்பவும் காரணம் இருக்கும்னு நெனச்சுக்குவேன்."

மகள் அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார்.

"சாவியை வாங்கிக்கம்மா. உன்னை விட்டா இதைத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை."

அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியாதே அண்ணா. வாசல் வரைக்கும்தான் வந்திருக்கேன். நான் எழுதினது ஒரு வரிகூட உள்ள இல்லை. ஏதாவது உடைஞ்சா எங்கே கை வெக்கிறதுன்னு கேட்டாகூட நீங்க சொன்னதில்லை. அதை நான் எப்படிப் பாத்துக்குவேன்?"

"இப்ப சொல்லித்தரேன்."

"இப்ப என் பக்கத்துல நிறையப் பேர் வந்துட்டாங்க அண்ணா. உள்ள கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு, எல்லாருக்கும் புரியுற மாதிரி மாத்தி வெச்சிருக்கோம். அவங்களை விட்டுட்டு வரமுடியாது. கோவிச்சுக்காதீங்க. நீங்க அங்கே வாங்களேன்?"

"பாக்கலாம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்திருக்காது.

போனை வைத்ததும் என் மகள் வாயைத் திறப்பாள், இத்தனை வருடக் கணக்கையும் தீர்ப்பாள் என்று நினைத்தேன். அவளோ அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை பெட்டியின் முதல் பக்கத்தில் எழுதினார்: 'இது இனிமேல் பராமரிக்கப்படாது. தயவுசெய்து கீழே உள்ளதைப் பயன்படுத்துங்கள்.' கீழே குடையின் இடத்தைக் காட்டினார். பிறகு பூட்டினார். பூட்டும் முன் பெட்டியின் பெயரை முழுசாகத் தட்டச்சு செய்து உறுதிப்படுத்தச் சொல்லி, இந்த மாதிரிப் பெட்டிகளையெல்லாம் வைத்திருக்கும் இணையதளம் கேட்கும். அவர் எழுத்தெழுத்தாக அடித்தார். முதல் தடவை தப்பாக விழுந்தது. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. அதன் பிறகு பார்க்கலாம், படிக்கலாம், யாராலும் தொட முடியாது. அவராலும்தான்.

இப்போது அந்தப் பால்கனியில் வெறுமனே உட்கார்ந்து குடையின் பெட்டியைப் படிக்கிறார். அங்கே எழுதியவர்களின் முகங்கள் சின்னச் சின்ன வட்டங்களாக வரிசை வரிசையாக இருக்கும். பூனை, மலை, யாருடையதோ குழந்தை, ஒரு செருப்பு. நீளமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். சில நாட்களில் அவர் படிப்பதை விட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடித்தார். பிப்ரவரியில் ஏதோ. அதற்குத் திருத்தமும் எழுதி வைத்திருக்கிறார். நாலைந்து வரிதான், வீங்கிய கையாலேயே எழுதியது. அனுப்பவில்லை.

"அனுப்புங்களேன்" என்றாள் என் மகள், துணிகளைக் கம்பியிலிருந்து உருவிக்கொண்டே. "அந்தப் பொண்ணு சந்தோஷப்படுவா."

"அவசரமா எழுதினது. நல்லா இல்லை."

"நல்லா இல்லேன்னா அவ மாத்தச் சொல்லுவா. மாத்திக் குடுங்க. அதுல என்ன பயம்?"

"அவ மாத்தச் சொன்னா பரவாயில்லை" என்றார் மாப்பிள்ளை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லாம அப்படியே சேர்த்துக்கிட்டாள்னா?"